பினாங்கு பார்க்காத பெண்

பினாங்குக்குப் போகலாமா என்று பக்கிரிசாமி கேட்டபோது கோமதியின் கையிலிருந்த அகப்பை ரசத்துக்குள் அப்படியே நின்றுவிட்டது. அதை அவன் கவனித்தான். கவனிப்பதுதான் அவன் வேலை. சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில் அவன் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. மரம் சீவுகிறவர்கள் கொண்டுவரும் ரப்பர்ப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதை வாளியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவான்.

"பினாங்கா? எதுக்குங்க அவ்வளவு தூரம்? கூலிமுக்குப் போவோமே" என்றாள்.

"கூலிம்ல என்ன இருக்கு? வர்ற திங்கக்கிழமை ராஜா பொறந்த நாளு. ஆபீஸ் லீவு. கல்யாணமாகி நாலு மாசமாச்சு, பொண்டாட்டிய ஒரு எடத்துக்கும் கூட்டிட்டுப் போகலியான்னு பெரிய கிராணி வீட்டம்மாவே கேட்டுட்டாங்க. நீ பினாங்கு பாத்திருக்கியா?"

"இல்லீங்க. நான் எங்க பாத்தேன்."

அவள் சொன்னது அவனுக்குப் புதிதல்ல. தைப்பிங்கில் ரயில்வே வேலையிலிருந்த பழனியப்பன், கோமதியின் தாய்மாமன், பெண் பார்க்கப் போன அன்றே அப்படித்தான் சொல்லியிருந்தார். அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எங்கள் வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை, தைப்பிங்கை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததில்லை என்று.

திங்கட்கிழமை விடியற்காலையில் பக்கிரிசாமி கண் விழித்தபோது கோமதி குளித்து, தலை பின்னி, கல்யாணத்துக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். போக விருப்பமில்லாதவள் அவனுக்கு முன்பே எழுந்து தயாராகியிருந்தது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. இமைகள் தடித்திருந்தன.

"தூங்கலியா?"

"கொசு" என்றாள்.

பிறை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி ஃபெர்ரியில் ஏறினார்கள். விடுமுறைக் கூட்டம். எல்லாரும் பின்பக்கத்து நிழலைப் பார்த்து ஓடினார்கள். பக்கிரிசாமியும் ஓடப் பார்த்தான். கோமதி அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தப் பக்கம் வாங்க. அங்க உக்காந்தா வேட்டியெல்லாம் கரியாயிடும்."

அவன் இதற்குமுன் மூன்று தடவை ஃபெர்ரி ஏறியவன். மூன்று தடவையும் வேட்டியில் கரிப்பொட்டுகளோடு இறங்கியவன். கப்பல் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தான். இன்று பாதிக் கடல் தாண்டியதும் புகைபோக்கியிலிருந்து புகை சாய்ந்து பின்பக்கத்துக் கூட்டத்தின்மேல் இறங்கியது. அவர்கள் தோளையும் தலையையும் தட்டிக்கொண்டார்கள். இவன் வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தா தெரியாதா?"

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஏறும்போது காற்றே இல்லை என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

ஊர் நெருங்கி வந்தது. வெள்ளைக் கட்டடங்கள், படகுகள், பின்னால் மேகம் மூடிய மலை. "அதோ பாரு மணிக்கூண்டு" என்று விரலை நீட்டினான். கோமதி மணிக்கூண்டைப் பார்க்கவில்லை. ஊரைத் தாண்டி வடக்கே, கரை வளைந்து மறைகிற இடத்தைக் கண்களைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. கடலு."

துறைமுகத்தில் ஒரு ரிக்‌ஷா பிடித்தான். இழுத்த சீனன் இளம் ஆள், பெரிய ஓட்டக்காரன். குண்டும் குழியுமான இடத்தில் சக்கரம் தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கிரிசாமி "பிலான், பிலான்" என்று மலாயில் கத்திப் பார்த்தான். அவன் காதில் வாங்கவில்லை. கோமதி முன்னால் குனிந்து, "பான் பான் கியா!" என்றாள்.

சீனன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு நடைக்கு வந்தான்.

"இது என்ன பாஷை?"

கோமதியின் காது மடல் சிவந்தது. "சீனப் பேச்சுதான். மெதுவாப் போன்னு அர்த்தம். தைப்பிங்ல எங்க வீட்டுக்குப் பக்கத்துல சீனக் கடை இருந்துச்சு."

அதுவும் சரியான பதில்தான். தைப்பிங்கில் சீனர்களுக்குப் பஞ்சமில்லை. பக்கிரிசாமி தலையை ஆட்டிக்கொண்டான். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அவன் ஊரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கினான்.

கடைத்தெருவில் இட்டிலி சாப்பிட்டார்கள். கல்லாவில் இருந்தவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கோமதி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கை கழுவப் போனபோது முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். தோட்டத்தில் கொளுத்துகிற வெயிலில்கூட அவள் தலையை மூடி அவன் பார்த்ததில்லை.

அங்கிருந்து பஸ் ஏறுவதற்காகக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வழியாக நடந்தார்கள். தெரு முழுக்க நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம்களின் கடைகள். அத்தர், தொப்பி, கைலி. பள்ளிவாசலின் மஞ்சள் கும்மட்டங்களைக் காட்டிப் பக்கிரிசாமி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். கோமதி தரையைப் பார்த்தபடி வேகமாக நடந்தாள். ஓர் அத்தர் கடை வாசலில் உட்கார்ந்திருந்த தாடிக்காரர் அவளைக் கண்டதும் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தார். பக்கத்துக் கடைக்காரரிடம் திரும்பி, "ஏம்பா, அது நம்ம முகம்மது சுல்தான் வீட்டுப் புள்ள மாதிரி இல்ல?" என்றார்.

கோமதியின் நடை ஓட்டமானது.

மூலை திரும்பியதும் பக்கிரிசாமி கேட்டான். "அந்தாளு ஒன்னையா சொன்னாரு?"

"யாரு? என்ன சொன்னாங்க? நான் கவனிக்கலீங்க."

அவன் மேலே கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு சரியான பதில் வரும். பாலில் தண்ணீர் கலக்கிறவனை முதல் நாளே பிடித்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னும் சாமர்த்தியமாகக் கலப்பான். விட்டுப் பிடிக்க வேண்டும். இது அவன் தொழிலில் கற்றது. முகம்மது சுல்தான். அந்தப் பேரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். எப்படிப்பட்ட ஆளாக இருப்பான்? இளவயசா? கடைக்காரனா? பழனியப்பன் அவ்வளவு அவசரமாக, பெண் பார்த்த இருபதாம் நாளே கல்யாணத்தை முடித்தது ஏன்?

முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு சோதனை வைத்தான். மலையடிவாரத்துக்குப் போகிற பாதை அவனுக்குத் தெரியும். வேண்டுமென்றே எதிர்த்திசையில் பூந்தோட்டத்துப் பக்கமாகத் திரும்பி, "கோயிலுக்கு இப்படித்தான் போகணும்" என்றான்.

கோமதி மூன்று எட்டு வைத்து நின்றாள். திரும்பி மலையைப் பார்த்தாள். வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.

தெரியாதவளாக இருந்தால் நின்றிருக்க மாட்டாள். தெரிந்தவளாக இருந்தால் வழி தப்பு என்று சொல்லியிருப்பாள். இவள் தெரிந்துகொண்டே தெரியாதவள் போல வந்தாள். குரங்குகளுக்குக் கடலை போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளைச் சுற்றிக்கொண்டு, "வழி தவறிட்டேன் போலருக்கு" என்று பக்கிரிசாமியே திரும்பி நடந்தான். "ஓ, அப்படிங்களா" என்றாள் அவள்.

மலைமேல் முருகன் சந்நிதியில் அவள் கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். உதடு அசைந்தது. கண்ணீர் வழிந்து கழுத்தில் இறங்கியது. பக்கிரிசாமி சாமியைக் கும்பிடவில்லை. அந்த உதடு எந்தப் பேரைச் சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

படியிறங்கும்போது அவளே பேச்செடுத்தாள்.

"எனக்குக் கடலு பாக்கணும்ங்க."

"போவோம். திடலுக்குப் போனா கரையோரம் உக்காரலாம். பேண்டு வாசிப்பாங்க இன்னைக்கு."

"அங்க கூட்டமா இருக்கும். தஞ்சோங் தோக்கோங்னு ஒரு எடம் இருக்காம். அங்க கடலு நல்லாருக்குமாம்."

"யாரு சொன்னா?"

"தைப்பிங்ல... பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க."

பக்கிரிசாமி அந்தப் பக்கம் போனதே இல்லை. அது ஒரு கம்பம், மலாய் மீனவர்களின் கிராமம் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த ஃபெர்ரியில் அவளை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் போனால் ஆயுசுக்கும் தெரியாமலே போய்விடும். அந்த ஆளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பார்த்து என்ன செய்வான் என்பதை அவன் யோசிக்கவில்லை.

பஸ் புலாவ் தீக்கூஸுக்கு வந்ததும் கோமதி எழுந்தாள். "இங்க எறங்கி வேற பஸ் மாறணுமாம். கண்டக்டரு சொன்னாரு."

கண்டக்டர் அந்தப் பயணம் முழுவதும் வாய் திறக்கவே இல்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கம்பத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே கால் நட்டுக் கட்டிய, அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடுகள். மணலில் வலைகள் காய்ந்தன. கருவாட்டு வாசம். நல்ல வெயில். கோமதி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறவள் போல இருந்தாள். ஆனால் கடல் நேரே இருந்தது, அவள் முகம் வீடுகளின் பக்கம் இருந்தது.

"தாகமா இருக்குங்க. ரோட்டோரம் ஒரு ஐஸ் தண்ணிக் கடை இருக்கும். வாங்கிட்டு வர்றீங்களா?"

இருக்கும் என்று அவள் சொன்ன விதத்தைக் கவனித்தபடி பக்கிரிசாமி எழுந்தான். "சரி, இங்கயே இரு. வர எப்படியும் கால் மணி ஆகும்" என்றான். பத்துத் தென்னை தாண்டி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் பின்னால் குந்தினான். முப்பத்தைந்து வயதில், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கிராணி, மணலில் குந்திக்கொண்டு சொந்தப் பெண்டாட்டியை வேவு பார்க்கிறான். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றுகூட அவனுக்கு வெட்கம் வரவில்லை.

கோமதி அவன் போன திசையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வீட்டை நோக்கி ஓடினாள். வீட்டின் முன்னால் ஓர் ஆள் சம்பான் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். கைலி, வெற்று மேல். அவளைக் கண்டதும் தார்க்குச்சி அவன் கையிலிருந்து மணலில் விழுந்தது. அவள் ஏதோ சொன்னாள். அவன் தார் படாத புறங்கையை அவள் தலைமேல் வைத்தான்.

பக்கிரிசாமி எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்பது அவனுக்கே தெரியாது. போகிற வழியில் ஒரு செருப்பு கழன்று போயிருந்தது.

"யார்ரா நீ? எடுடா கைய! நீதான் அந்த சுல்தானா?"

அந்த ஆள் கையை எடுத்தான். திரும்பிய முகத்தைப் பார்த்துப் பக்கிரிசாமி கொஞ்சம் தடுமாறினான். ஐம்பதைத் தாண்டிய முகம். தாடியில் பாதி நரை.

"நாந்தான் முகம்மது சுல்தான்" என்றார் அவர் நல்ல தமிழில். "நீங்க மாப்பிளயா? வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க."

"மாப்பிளயா? யாருக்கு யாரு மாப்பிள?" பக்கிரிசாமி கோமதியின் மணிக்கட்டைப் பிடித்தான். "சொல்லுடி. இந்தாளு ஒனக்கு யாரு? பொய் சொன்னே, இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்."

கோமதி அவனைப் பார்க்காமல் வீட்டு ஏணியைப் பார்த்தாள்.

ஏணியின் மேல்படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். மலாய்க்காரிகள் போல நீண்ட சட்டையும் கைலியும், தோளில் துணி. கையில் பாதி அரிந்த வெங்காயம். அது கோமதியின் முகம். இருபது வருஷத்து வெயிலையும் உப்புக் காற்றையும் மேலே பூசிய கோமதியின் முகம். அதே மூக்கு, கீழுதட்டில் அதே பள்ளம். பக்கிரிசாமியின் பிடி தானாகத் தளர்ந்தது.

"அவள விடுங்க தம்பி" என்றாள் அந்தப் பெண். "பொய் சொன்னது அவ இல்ல. நான் செத்துப்போயிட்டேன்னு சொல்லச் சொன்னதே நாந்தான்."

வெங்காயத்தை ஏணியிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள். கோமதி அவள்மேல் போய் விழுந்தாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். சுல்தான் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ரொஸ்னா என்று பேர். முன்பு வள்ளியம்மா. அவள் புருஷன், கோமதியின் அப்பன், துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போது பாரம் சரிந்து செத்தபோது கோமதிக்கு ஆறு வயது. தம்பி பழனியப்பன் வந்து, கப்பலேறி ஊருக்குப் போய் மாமியார் வீட்டில் வெள்ளைப் புடவையோடு இரு என்றான். அவள் போகவில்லை. துறைமுகத்தில் படகுக்காரர்களுக்குச் சோறாக்கிப் போட்டாள். அவளிடம் சாப்பிட வந்த சுல்தான் இரண்டு வருஷம் கழித்துத் தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். சம்மதித்தாள். தம்பி அன்றோடு தலைமுழுகிவிட்டுப் போனவன், கோமதிக்குப் பதினேழு வயதானபோதுதான் திரும்ப வந்தான்.

"இங்க இருந்தா நம்ம சனத்துல யாரும் இவளக் கட்டமாட்டாங்க, என்கிட்ட அனுப்புன்னான்" என்றாள் ரொஸ்னா. "இவ நம்ம சாமியக் கும்பிட்டே வளந்தவ, தம்பி. சுல்தானு ஒரு நாளும் மாறச் சொன்னதில்ல. தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்துக்குத் தோள்ல தூக்கிட்டுப் போவாரு. சரி, நான் செத்துட்டதா சொல்லிக்க, எம்பொண்ணு நல்லாருந்தா போதும்னு அனுப்பிட்டேன். ஒரு வருஷம் அவன் வீட்டுல வச்சுக்கிட்டு ஒங்களுக்குக் கட்டிக் கொடுத்தான்."

பக்கிரிசாமி கோமதியைப் பார்த்தான். "அப்ப இன்னைக்கு இதுக்காகத்தான் வந்தியா?"

"நானா வரேன்னு சொன்னேன்?" முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "கூலிமுக்குப் போவோம்னு சொன்னேனே! நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க. ஃபெர்ரியில ஏறுற வரைக்கும் வரவே கூடாதுன்னுதான் இருந்தேன். கரையப் பாத்ததும் முடியலீங்க. தூரத்துல நின்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்னு நெனச்சேன்."

பக்கிரிசாமி ரோட்டைப் பார்த்து நடந்தான். ஒற்றைச் செருப்போடு.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்தான். ஒரு பஸ் வந்து நின்று போனது. ஏறவில்லை. காலையிலிருந்து அவன் மனதில் ஓர் ஆள் இருந்தான். இளவயசுக்காரன், மீசைக்காரன், சிரிக்கிறவன். அவனை அடிக்கவும் கொல்லவும் தயாராக வந்தவனுக்கு முன்னால் ஒரு தாய் வெங்காயத்தோடு நின்றாள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அதை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. பழனியப்பன்மேல் வைத்துப் பார்த்தான். நாலு மாதமாக ஒரே பாயில் படுத்துக்கொண்டு மறைத்தவள்மேல் வைத்துப் பார்த்தான். தோட்டத்தில் தெரிந்தால் என்ன ஆகும்? பெரிய கிராணி வீட்டம்மா என்ன பேசுவாள்? இவள் இன்னும் எதையெல்லாம் மறைத்திருக்கிறாள்?

ரொஸ்னா தனியாக வந்தாள். கையில் அவனுடைய கழன்று விழுந்த செருப்பு. அதை அவன் முன்னால் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றாள்.

"அவள அனுப்பலியா?" என்றான்.

"அனுப்பறேன். மொதல்ல நான் ஒங்கள ஒண்ணு கேக்கணும். என்கிட்ட யாரும் மாப்பிளயக் காட்டல. நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியாது. அவ மணிக்கட்டப் புடிச்சதப் பாத்தேன்." அவள் கண் அவன் முகத்தை விட்டு நகரவில்லை. "கை நீட்டுவீங்களா?"

"நான் அடிக்கிற ஆளா?"

"அதத்தானே கேக்குறேன்."

"இல்ல. ஒரு தடவகூட இல்ல."

"குடிப்பீங்களா?"

"தீபாவளிக்கு... பொங்கலுக்கு. துரை வீட்டு விருந்துன்னா."

"ஊருல வேற பொண்டாட்டி இருக்கா?"

"என்னம்மா கேள்வி இது!"

"கப்பலேறி வந்த ஆம்பளைங்க பாதிப் பேருக்கு ஊருல ஒருத்தி இருக்கா. நான் கேக்காம வேற யாரு கேப்பா?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"வயசு என்ன?"

பக்கிரிசாமிக்கு முப்பது என்று வாய் வரை வந்தது. காலையிலிருந்து அவன் கோமதியைப் பார்த்தது போலவே அந்தப் பெண் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இமை கொட்டுவதைக்கூட எண்ணுகிறாள் போலிருந்தது.

"முப்பத்தஞ்சு" என்றான்.

"கல்யாணம் முடிஞ்சதும் எந்தம்பி ஒரே ஒரு லெட்டர் போட்டான். அதுல முப்பதுன்னு இருந்துச்சு."

"அது எங்க அக்கா சொன்னது. பொண்ணு கெடைக்காதுன்னு..." அவன் குரல் இறங்கியது.

ரொஸ்னா சிரிக்கவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் இளகியது. "அப்ப ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பொய். சரி. நான் ஒங்க தோட்டத்துப் பக்கம் வரமாட்டேன். லெட்டரும் போடமாட்டேன். செத்தவ செத்தவளாவே இருந்துக்கறேன். ஆனா இன்னைக்கு ஒரு வாய் சோறு ரெண்டு பேரும் சாப்பிட்டுப் போங்க. மாட்டுக்கறி இந்த வீட்டு அடுப்புல ஏறினதில்ல. அவருக்கு வேணும்னா கடையில சாப்பிட்டுக்குவாரு. மீனுதான்."

பக்கிரிசாமி செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தான். அவள் முன்னால் நடக்க, பின்னால் போனான். இன்னும் சம்மதம் என்று அவன் சொல்லவில்லை. பசியும் இருந்தது.

மீன்குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. கோமதி வைக்கிற குழம்பும் அப்படித்தான் இருக்கும். தைப்பிங் பக்கத்துக் கைப்பக்குவம் என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான். சுல்தான் அவனோடு உட்காராமல் வாசலில் உட்கார்ந்து, காலையில் எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்பதைப் பற்றி மட்டும் பேசினார். கோமதி தாயின் கைலி நுனியைப் பிடித்தபடி அடுப்படியிலேயே இருந்தாள். கிளம்பும்போது சுல்தான் ஒரு காகிதப் பொட்டலத்தில் உப்புக்கண்டம் போட்ட மீனைக் கட்டிக் கொடுத்தார். பக்கிரிசாமி அதை வாங்கக் கையை நீட்டினான். கொடுத்தவர் விரல்களில் தார் அப்பியிருந்தது.

மாலை ஃபெர்ரியில் திரும்பினார்கள். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாதி தூரம் போனதும் பக்கிரிசாமி கேட்டான்.

"இன்னும் ஏதாச்சும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு. நாளைக்கு வேற யாராச்சும் சொல்லி நான் கேக்கக் கூடாது."

கோமதி ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற வயல்களைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றாள் கடைசியில். "அம்மாவுக்கும் அவருக்கும் பொறந்தவ. ஒம்பது வயசு. இன்னைக்கு அவ பெரியப்பா வீட்டுக்குப் போயிட்டாளாம். பாக்க முடியல."

ரயில் ஒரு பாலத்தைத் தாண்டியது.

"பேரு என்ன?"

"ஸலேஹா."

"ம்" என்றான். பிறகு, "ஒன்ன மாதிரி இருப்பாளா?"

"என்னவிட நல்லாருப்பா" என்று சொல்லிவிட்டுக் கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. மூடிய துணியை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. பார்க்காமல் இருந்தான்.

சுங்கைப்பட்டாணியில் இறங்கியபோது விளக்கு வைத்திருந்தார்கள். பெரிய கிராணி முத்துவீரப்பனும் மனைவியும் அதே ரயிலில் வந்த யாரையோ அழைத்துப்போக வந்து நின்றிருந்தார்கள். அந்தம்மா கோமதியின் கையிலிருந்த பொட்டலத்தைத்தான் முதலில் பார்த்தாள். "என்ன கோமதி, பினாங்கு எப்படி? இது என்ன, மீனு வாசம் அடிக்குது?"

கோமதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பக்கிரிசாமி பொட்டலத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"கடலோரத்துல ஒரு மலாய்க்காரர்கிட்ட வாங்கினோம்லா. ரொம்ப நல்ல மீனு" என்றான். "இவளுக்கு அந்த எடம் புடிச்சுப் போச்சு. அடுத்த லீவுக்கும் அங்கதான் போகணும்னு சொல்லிட்டு வர்றா."

சொல்லி முடித்த பிறகுதான் கோமதி அப்படி எதுவுமே கேட்கவில்லை என்பது அவன் நினைவுக்கு வந்தது. அந்தம்மா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் எதையோ மோப்பம் பிடிக்கிறாள் என்று பக்கிரிசாமிக்குத் தோன்றியது. கோமதியை முன்னால் போகச் சொல்லிவிட்டு, வண்டிக்காரனைக் கூப்பிடப் போகிறவன் போல அந்தம்மாவின் பார்வை படாமல் அவளை மறைத்துக்கொண்டு நடந்தான்.